சூடேறினால் உதறும் பழைய கார் எஞ்சின்: எங்கே தொடங்கிப் பார்ப்பது

கேள்வி இதுதான். கேஈ 70 கொரோலா, 4கே எஞ்சின், கார்பரேற்றர், பொயின்ற் (கொயிலின் மின்சாரத்தை வெட்டி இணைக்கும் முனைகள்) வைத்த டிஸ்ரிபியூற்றர். காலையில் ஒரே அடியில் ஸ்ரார்ட் வருகிறது. கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டு முறிகண்டி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. மாங்குளச் சந்தியில் நிறுத்தினால் ஸ்லோவில் (அக்சிலேற்றர் மிதிக்காமல் ஓடும்போது) கார் முழுக்க உதறுகிறது, இடைக்கிடை மிஸ் அடிக்கிறது. அரை மணித்தியாலம் மரநிழலில் விட்டால் திரும்பவும் சரி. பிளக்கும் எயார் பில்டரும் மாற்றியாயிற்று, கார்பரேற்றர் இரண்டு தரம் கழுவியாயிற்று, பயனில்லை. அடுத்து என்ன மாற்றுவது?

இப்போதைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம். சூட்டில் மட்டும் வரும் கோளாறைச் சூட்டில்தான் பிடிக்கலாம். காரைக் கராஜில் விட்டுவிட்டு வந்தால், மெக்கானிக் பொனற்றைத் திறக்கும் நேரம் எஞ்சின் ஆறிவிடும். ஆறின எஞ்சினில், பிளக்குக்கு உயர் அழுத்தம் கொடுக்கும் கொயிலும் சரி, பொயின்ற்றில் தீப்பொறியை அடக்கும் கண்டென்சரும் சரி, எல்லாம் நல்லதாகவே காட்டும். பிறகு ஊகத்தில் சாமான் மாற்றுவதுதான் மிச்சம். ஆகவே முதலில் தேவையானதை எடுத்து வையுங்கள்: மல்ரிமீற்றர், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ரப்பர் பிடி போட்ட குறடு, தண்ணீர் விசிறும் போத்தல், ஈரத்துணி, புதுக் கண்டென்சர் ஒன்று. பிறகு இருபது முப்பது கிலோமீற்றர் ஓடி, உதறல் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தாமல் வந்து சோதியுங்கள். சாரத்தோடும் தோளில் துவாயோடும் ஓடுகிற எஞ்சினுக்கு மேல் குனியாதீர்கள். பெல்ற்றும் விசிறியும் துணியை இழுத்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

சூடேறும்போது எஞ்சினில் என்ன மாறுகிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது. குளிரில், கார்பரேற்றருக்குள் காற்றைக் குறைக்கும் சோக் மூடியிருக்கும், பெற்றோல் கூடப் போகும். எங்காவது மெனிபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) ஓரத்தில் கள்ளக் காற்று இழுத்தாலும் அந்தக் கூடுதல் பெற்றோல் அதை மூடிமறைத்துவிடும். சோக் திறந்ததும் குறை வெளியே வரும். இது ஒரு வழி. இரண்டாவது மின்சாரம்: கொயிலுக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் கம்பிச் சுற்றும் கண்டென்சருக்குள் இருக்கும் காப்புத் தாளும் சூட்டில்தான் விட்டுக்கொடுக்கும். மூன்றாவது, பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாவது. நான்காவது, வால்வும் ஹெட்டும் விரிந்து இடைவெளிகள் மாறுவது. உங்கள் கோளாறு இந்த நாலில் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, எது என்பதை எஞ்சினையே சொல்லவைக்க வேண்டும்.

உதறல் எப்போது வருகிறது என்று வடிவாகக் கவனியுங்கள். ஸ்லோவில் மட்டும் உதறி, அக்சிலேற்றர் கொடுத்ததும் சுத்தமாக ஓடினால் கள்ளக் காற்று, ஸ்லோ ஜெட், இறுகிய வால்வ் இவற்றில் ஒன்று. ஸ்லோவில் பரவாயில்லை, ஏற்றத்திலும் நாலாம் கியரில் இழுக்கும்போதும் வெட்டி வெட்டிப் போனால் பற்றவைப்பு, அல்லது பெற்றோல் வரத்துக் குறைவு. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்ரார்ட் பண்ணும்போது மட்டும் தொல்லை என்றால் பெற்றோல் கொதிக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே விலக்கிவிடுங்கள், ஏனென்றால் அது சூட்டுக் கோளாறு போலவே நடிக்கும். பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, அரை மணித்தியாலத்தில் பம்புக்குப் பெற்றோல் வராமல் போகும். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் ரோட்டுச் செம்புழுதி அந்தத் துளைக்குள் போய்க் களியாக இறுகிவிடுகிறது. மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் உள்வீதிகளில் ஓடும் கார் என்றால் கட்டாயம் பாருங்கள். உதறல் வந்ததும் மூடியைத் திறக்க, உள்ளே காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் எஞ்சின் சரியானால் மூடியைக் கழுவினால் போதும்.

இனிச் சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்க, ரப்பர் பிடிக் குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுங்கள். கழற்றிய வயரைக் காற்றில் தொங்கவிடாமல், ஒரு பழைய பிளக்கைச் செருகி எஞ்சின் உடம்பில் முட்டவையுங்கள். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் கொயிலுக்குள்ளேயோ டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள்ளேயோ வழி தேடும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஸ்லோ விழும், உதறல் கூடும். ஒன்றைக் கழற்றும்போது எந்த மாற்றமும் இல்லை என்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில். அதன் பிளக்கையும் வயரையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே போனால் பிளக் அல்லது வயர். அங்கேயே நின்றால் வால்வ், கொம்பிரஷன், அல்லது அந்தச் சிலிண்டருக்குப் போகும் மெனிபோல்ட் காஸ்கெற். நாலு வயரிலும் ஒரே மாதிரி விழுந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்று பிழை: கொயில், கண்டென்சர், பொயின்ற், கார்பரேற்றர். பத்து நிமிடச் சோதனைதான், ஆனால் இதைச் செய்யாமல் போவதால் வீணாகும் காசு கொஞ்சமல்ல.

பொதுக் கோளாறு என்று தெரிந்தால் மின்சாரத்தில் தொடங்குங்கள். கார்பரேற்றர் பிழை என்று சொல்லிக் கழற்றப்படுபவற்றில் பெரும்பகுதி உண்மையில் டிஸ்ரிபியூற்றரில் இருக்கும் பிழை. உங்களுடையதை இரண்டு தரம் கழுவியும் மாறவில்லை என்பதே அதற்கு ஒரு சாட்சி.

மூடியைக் கழற்றி, பொயின்ற் முகத்தைச் சிறு கண்ணாடியும் ரோர்ச்சும் வைத்துப் பாருங்கள். நல்ல பொயின்ற் மங்கிய சாம்பல் நிறத்தில், கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும். ஒரு முகத்தில் கடுகளவு மேடும் மற்ற முகத்தில் அதற்கு நேரே சிறு குழியும் இருந்தால் ஒரு முகத்து உலோகம் மற்றதுக்குத் தாவியிருக்கிறது. முகம் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் அங்கே பெரிய தீப்பொறி பறந்திருக்கிறது. இரண்டுக்கும் முதல் சந்தேகம் கண்டென்சர். பொயின்ற்றை அரம் போட்டு ராவி மட்டும் விடுபவர்கள் நோயை விட்டுவிட்டு வடுவைத் தடவுகிறார்கள். கண்டென்சரும் பொயின்ற்றும் ஒன்றாக மாற வேண்டியவை. கண்டென்சரின் அளவு சாதாரணமாக 0.20 முதல் 0.25 மைக்ரோபரட் வரை, மீற்றரில் 200 முதல் 250 நானோபரட் என்று காட்டும். ஆனால் ஆறின நிலையில் சரியான அளவைக் காட்டிவிட்டுச் சூட்டில் ஒழுகும் கண்டென்சர்கள் ஏராளம். அதனால்தான் கையில் புதிது ஒன்று வைத்திருக்கச் சொன்னேன். உதறல் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, பழையதின் வயரைக் கழற்றி, புதுக் கண்டென்சரின் வயரைக் கொயிலின் மைனஸ் முனையில் கொழுவி, அதன் உடம்பை வெளியே எஞ்சின் இரும்பில் இறுக்கிவிட்டு ஓடிப் பாருங்கள். டிஸ்ரிபியூற்றருக்குள் கைவைக்கவே தேவையில்லை. கார் சரியாக ஓடினால் விடை கிடைத்துவிட்டது. பழையதை எறிய முதல் இன்னொரு தரம் பூட்டி, உதறல் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள்.

பொயின்ற் இடைவெளி 4கே எஞ்சினுக்கு 0.45 மில்லிமீற்றர். எங்கள் பக்கத்தின் இன்னொரு பழைய கார் மொறிஸ் மைனர், அதற்கு 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். டிஸ்ரிபியூற்றர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் இந்த அளவு நிற்காது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கையில் ஆட்டம் தெரிந்தால் எவ்வளவு ரியூன் பண்ணினாலும் ஸ்லோ நிதானமாகாது. அதோடு, பொயின்ற் தட்டில் இருந்து டிஸ்ரிபியூற்றர் உடம்புக்குப் போகும் சின்னப் பின்னல் வயரையும் கவனியுங்கள். வெளியே துணிக்காப்பு நன்றாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்து ஒன்றிரண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் உறிஞ்சலால் பற்றவைப்பு நேரத்தை முன்தள்ளும் வாக்குவம் அட்வான்ஸ் தட்டை அசைக்கும் ஒவ்வொரு தரமும் அது தொட்டும் தொடாமலும் நிற்கும்.

கொயிலில் இரண்டு பிழைகள் கூடுதலாகக் கண்ணில் படும். ஒன்று, பொருந்தாத கொயில். பலாஸ்ற் றெசிஸ்ரரோடு (கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) ஓட வேண்டிய கொயிலின் முதன்மைச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை ஓம். நேராக 12 வோல்ற்றில் ஓடுவது 3 ஓம் அளவு. உடைந்த றெசிஸ்ரரைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றரை ஓம் கொயிலை நேரடியாகக் கொடுத்திருந்தால், இரட்டிப்பு மின்சாரம் ஓடி, கொயில் கைவைக்க முடியாமல் கொதிக்கும், பொயின்ற்றும் எரியும். நல்ல கொயிலும் ஓட்டத்தில் சூடாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று விநாடி கைவைத்திருக்கலாம். நடுக் கோபுரத்தைச் சுற்றிக் கறுத்தத் தாரோ எண்ணெயோ கசிந்திருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். இரண்டாவது, சூட்டில் சுற்று அறுவது: ஆறினபோதும் கொதிக்கும்போதும் ஓம் அளந்து எழுதி வையுங்கள். செம்பு சூடானால் எண் கொஞ்சம் ஏறுவது இயல்பு. எண் தாவித் தாவிக் குதித்தாலோ உயர் அழுத்தச் சுற்று, வழமையாக 7 முதல் 12 ஆயிரம் ஓம் வரும் இடத்தில், அறுந்ததாகக் காட்டினாலோ கொயில் முடிந்தது. பற்றரியில் இருக்கும் வோல்ற் கொயிலுக்கு வந்து சேர்கிறதா என்பதையும் சூட்டிலேயே பாருங்கள். றெசிஸ்ரர் இல்லாத காரில், பொயின்ற் மூடியிருக்கும்போது அரை வோல்ற்றுக்கு மேல் வழியில் தொலைந்தால் சாவிச் சுவிச்சோ ஒரு கருகிய முனையோ காரணம். பிளக் வயர் ஒன்று 25 ஆயிரம் ஓமைத் தாண்டினால் கழித்துவிடலாம்.

மின்சாரம் சுத்தம் என்றால் கள்ளக் காற்று. கார்பரேற்றர் அடி, மெனிபோல்ட் ஓரம், பிறேக் பூஸ்ரர் ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ், டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் என்று ஒவ்வொரு இடமாகப் போத்தலால் தண்ணீரை மெல்லிய பனிப்புகார் போல விசிறுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஒரு கணம் எஞ்சின் சத்தம் மாறும். பெற்றோலையோ கிளீனர் ஸ்பிறேயையோ இதற்குப் பாவிக்காதீர்கள். 4கே எஞ்சினில் இன்லெற்றும் எக்சோஸ்ற்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, கொதிக்கும் எக்சோஸ்ற் அடியிலேயே இருக்கிறது. மொறிஸ் மைனரும் அப்படித்தான். தண்ணீரும் டிஸ்ரிபியூற்றர் பக்கம் போகக் கூடாது. மொறிஸில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு இன்லெற் வாய் என்பதால், அங்கே காஸ்கெற் விட்டால் ஒன்றும் இரண்டும், அல்லது மூன்றும் நாலும் சோடியாகப் பலவீனப்படும். மெனிபோல்ட்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜ் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது: சூடான நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை ஊசி அசையாமல் நிற்கும். ஊசி ஒரே தாளத்தில் விழுந்து எழும்பினால் ஒரு வால்வ் இருக்கையில் உட்காரவில்லை.

இதற்கு நேர்மாறு, சோக் திறக்காமல் பெற்றோல் கூடிப்போவது. எயார் பில்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள், சூடான எஞ்சினில் சோக் தகடு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். மொறிஸின் எஸ்யூ கார்பரேற்றரில் சோக் தகடு கிடையாது. சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், தள்ளினால் ஏற வேண்டும். அழுக்கில் பிடித்து ஏறாமல் நின்றால் காலையில் அருமையாக ஓடி, சூட்டில் மூச்சடைக்கும், கறுத்தப் புகை தள்ளும். விரலால் ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். பிளக் இங்கே உதவும்: உலர்ந்த கரிப்பூச்சு என்றால் பெற்றோல் கூட, பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் குறைவு, இளம் மண்ணிறம் என்றால் சரி. புதுப் பிளக் என்பதால் நிறம் பிடிக்கக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டியிருக்கும். கொரோலாவின் கார்பரேற்றரில் பெற்றோலை வெட்டும் சொலினொயிட் இருந்தால் அதையும் சூட்டில் சோதியுங்கள். சாவி போடும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஸ்லோ நிற்காது, ஓட்டத்தில் குறை தெரியாது.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கார் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும் அல்லவா, அதுவே பெற்றோல் கொதிப்பைச் சோதிக்கச் சரியான நேரம். எஞ்சின் நின்றதும் தண்ணீர் சுற்றாது, காற்று இல்லை, அடியில் இருக்கும் எக்சோஸ்ற் சூடு முழுக்க மேலே கார்பரேற்றருக்கு ஏறும். கிண்ணத்துப் பெற்றோல் பொங்கி உள்ளே வழியும். ஸ்ரார்ட் பண்ண அக்சிலேற்றரை அடித்து அடித்து விடாமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்தால் வந்து, கொஞ்ச நேரம் உதறிவிட்டுச் சரியானால் இதுதான். கார்பரேற்றருக்கும் மெனிபோல்ட்டுக்கும் நடுவில் தடித்த கறுப்புப் பேக்கலைற் துண்டு இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு மெல்லிய காஸ்கெற் வெட்டிப் போட்டிருந்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? ஓட்டத்தில் பெற்றோல் ஆவியாகி அடைக்கிறதா என்றறிய, பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி சுற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் தேறினால் குழாயை எக்சோஸ்ற்றில் இருந்து தள்ளிக் கட்டுங்கள், தாங்கிக்குத் திரும்பும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் ஊதிப் பாருங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனம் என்று வயர்ச் சோதனை காட்டியிருந்தால் இவ்வளவையும் தாண்டி நேராக ரப்பெற்றுக்கு, அதாவது வால்வ் இடைவெளிக்கு, வாருங்கள். ரப்பெற் சத்தமே இல்லாத பழைய எஞ்சினை நம்ப வேண்டாம். இறுகிய எக்சோஸ்ற் வால்வ் சூட்டில் முழுதாக மூடாது, கொம்பிரஷன் கசியும், அப்படியே ஓட விட்டால் வால்வின் ஓரம் எரியும். 4கே எஞ்சினுக்கு, சூட்டில், இன்லெற் 0.20, எக்சோஸ்ற் 0.30 மில்லிமீற்றர். இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ரோலிக் லிப்ரர் போட்ட எஞ்சின் என்றால் இந்த அளவு பொருந்தாது. முதலாம் சிலிண்டரை அதன் கொம்பிரஷன் உச்சியில் நிறுத்தி ஒன்றின் இரண்டு வால்வையும், இரண்டின் இன்லெற்றையும், மூன்றின் எக்சோஸ்ற்றையும் வையுங்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மிச்ச நாலையும் வையுங்கள். மொறிஸில் எட்டுக்கும் 12 தவ், ஆறின எஞ்சினில். அதன் இரும்பு ஹெட்டில் பழைய இருக்கைகள் அப்படியே இருந்தால் ஈயமில்லாப் பெற்றோலில் எக்சோஸ்ற் இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆகவே அடிக்கடி பார்க்க வேண்டும்.

ரப்பெற் சரியாக்கியும் தேறாவிட்டால் கொம்பிரஷன் அளவுங்கள்: எஞ்சின் சூடு, நாலு பிளக்கும் வெளியே, கொயில் வயர் கழற்றி, அக்சிலேற்றர் முழுக்க அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு அடி. எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் முக்கியம். 15 பிஎஸ்ஐக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு அளக்க எண் ஏறினால் றிங்ஸ், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெற். அப்படியானால் ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துவரும், நன்றாக ஆறின பிறகு மூடியைத் திறந்துவைத்து ஸ்ரார்ட் பண்ணினால் குமிழி விடாமல் எழும்பும். சூட்டில் அந்த மூடியைத் தொடக்கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சவர் ரேடியேற்றருக்குள்ளும் கேத்திலுக்குள் படிவதுபோலத்தான் படியும். மழைத்தண்ணீரோ வடித்த தண்ணீரோ கூலன்ற்றோடு கலந்து விடுங்கள். தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிவது தீர்வல்ல, எஞ்சின் தன் சூட்டுக்கு வராமல் எல்லாக் கணக்கும் பிசகும்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் இன்னும் சில வளவுகளில் நிற்கின்றன. அந்த எஞ்சின்கள் இந்த மண்ணில் மனிதரைச் சுமந்தவை, பேண வேண்டியவை. அப்படி ஒன்றை எடுத்து ஓட்டுபவர்கள், அப்போது பின்னுக்குத் தள்ளி வைத்த ரைமிங் (பற்றவைக்கும் நேரம்), மாற்றிய ஜெட், இடையில் பூட்டிய இரட்டைக் குழாய் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பின்தள்ளிய ரைமிங்கில் பெற்றோல் எரிந்தால் எக்சோஸ்ற் கண்டபடி சூடேறும். ஹெட்டுக்குள் படிந்த கரியும் தணலாகி நின்று, நேரத்துக்கு முதலே பற்றவைக்கும்.

கார்பரேற்றர் இல்லாத, இன்ஜெக்ரர் போட்ட தொண்ணூறுகளின் கார் என்றால் முதலில் தண்ணீர்ச் சூட்டு சென்சரை அளவுங்கள். ரொயோட்டாவில் 20 பாகையில் 2 முதல் 3 ஆயிரம் ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் நின்றால், எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துக் கொம்பியூற்றர் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது.

கார்பரேற்றர் ஸ்குரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் எஞ்சின் முழுச் சூட்டில், எயார் பில்டர் பூட்டியபடி, லைற்றும் விசிறியும் நிறுத்தி. கலவை ஸ்குரூவை மெல்ல உள்ளே திருப்ப எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடம் வரும். வெளியே திருப்பக் கனத்து உருளத் தொடங்கும் இடம் வரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே எடுத்து, ஸ்லோவை 750 சுற்றுக்கு வையுங்கள். ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின் மாறவே இல்லை என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது கள்ளக் காற்று இன்னும் எங்கோ இருக்கிறது. தண்ணீர்ப் போத்தலைத் திரும்ப எடுங்கள்.